கணித மேதை இராமானுஜன்: பிள்ளைப் பருவமும் பேணி வளர்த்தோரும்

சீர்காழித் திருக்குளக்கரையில், மூன்று வயதுப் பிள்ளையொன்று அம்மையின் ஞானப்பால் உண்டு திருப்பதிகம் பாடத் தொடங்கிய வரலாற்றை நம் ஆலயங்களில் ஆண்டுதோறும் கேட்டு மகிழ்கின்றோம். அவ்வரலாற்றில் நாம் அதிகம் எண்ணிப் பாராத ஒருவர் உண்டு. அவர் அப்பிள்ளையின் தந்தையார் சிவபாத இருதயர். வாயில் வழிந்த பாலைக் கண்டு, அதனைக் கொடுத்தவர் யாரென்று கோலெடுத்து அதட்டியவர் அவரே. பிள்ளையின் அருட்டிறத்தை உணர்ந்த பின்னர், அப்பிள்ளையைத் தம் தோள்மீது சுமந்து தலந்தோறும் சென்றவரும் அவரே. கோலைக் கீழே போட்டுத் தோளைக் கொடுத்த அச்செயல், பெற்றோர் அனைவரும் சிந்திக்கத்தக்கதாகும்.

வயதுக்கு மீறிய அறிவுடன் பிள்ளைகள் பிறத்தல் இறைவன் திருவருள். அவ்வறிவை அடையாளங்கண்டு, அதற்கு வேண்டிய துணையைச் செய்தல் மனிதர் கடமை. இவ்விரண்டும் ஒரே வாழ்வில் எவ்வாறு சேர்ந்தன, எங்கே சேரத் தவறின என்பதை நமக்கு மிகத் தெளிவாகக் காட்டுவது கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கை. இத்திருவிழா மலரின் வாயிலாக அவ்வாழ்க்கையைப் பெற்றோர், ஆசிரியர், ஆலய அன்பர்கள் ஆகியோர் முன் வைக்க விழைகின்றோம்.

நாமகிரித் தாயாரின் அருளால் வந்த பிள்ளை

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாயாரின் பிறந்தகத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் இறைப்பற்று மிக்கவர். கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடி, அதனால் வரும் சில ரூபாய்களையும் குடும்பச் செலவுக்குச் சேர்த்தவர். நெடுநாள் பிள்ளைப்பேறின்றி இருந்து, நாமக்கல் நாமகிரித் தாயாரை வேண்டிப் பெற்ற மகவு இவர் என்று குடும்பத்தார் நம்பினர்.

இரண்டு வயதில் அவருக்குப் பெரியம்மை கண்டது. பலரைப் பலிகொண்ட அந்நோயிலிருந்து அவர் தழும்புகளோடு தப்பினார். அவருக்குப் பின் பிறந்த குழந்தைகள் மூவர் சிசுப் பருவத்திலேயே இறந்தனர். ஆதலின், தாயின் அன்பு முழுவதும் நெடுங்காலம் இந்த ஒரு பிள்ளைமீதே நிலைத்திருந்தது.

பின்னாளில் உலகம் வியந்த இம்மேதை, மூன்று வயது வரை பேசவே இல்லை. பிள்ளை ஊமையோ என்று வீட்டார் அஞ்சினர். காஞ்சிபுரத்தில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், தரையில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து எழுத்தெழுதச் செய்து, அதனை வாய்விட்டுச் சொல்லவும் பழக்கினர். பேச்சு மெல்ல வந்தது. எழுத்துகளும் உடன் வந்தன. 1892-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், விசயதசமியன்று, வேத ஒலி முழங்க அவரைத் திண்ணைப் பள்ளியில் சேர்த்தனர். அப்போது அவருக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை.

பள்ளியை அவர் விரும்பவில்லை என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். சிறிது காலம் சென்னைப் பள்ளியொன்றில் சேர்க்கப்பட்டபோது, வகுப்புக்குச் செல்ல மறுத்து அடம் பிடித்தார். காவலர் ஒருவரைக் கொண்டு அச்சுறுத்திப் பள்ளிக்கு அனுப்பும் அளவுக்கு அது முற்றியது. ஆறு திங்களுக்குள் அவர் கும்பகோணத்திற்கே திரும்ப அழைத்து வரப்பட்டார். அறிவுமிக்க பிள்ளை எப்போதும் அடக்கமாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ளல் நன்று.

கேள்வி கேட்ட பிள்ளை

கும்பகோணம் காங்கேயன் தொடக்கப் பள்ளியில் பயின்ற இராமானுஜன், 1897-ஆம் ஆண்டு நவம்பரில், பத்து வயது நிரம்பும் முன்னரே, தொடக்கநிலைத் தேர்வில் மாவட்டத்தின் முதல் மாணவராகத் தேறினார். ஆங்கிலம், தமிழ், நிலவியல், எண்கணிதம் ஆகியவை அத்தேர்வின் பாடங்கள். அடுத்த ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அங்கே ஒருநாள், எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்றே கிடைக்கும் என்று ஆசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். மூன்று பழங்களை மூவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. அப்படியாயின், பழமே இல்லாமல் யாருக்குமே பகிராவிட்டாலும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று இராமானுஜன் எழுந்து கேட்டார். சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தல் என்பது கணிதத்தின் ஆழ்ந்த சிக்கல்களுள் ஒன்று. வகுப்பைக் கலைக்கும் குறும்பு என்று இதனைத் தள்ளிவிடுதல் எவருக்கும் எளிது. ஒரு பிள்ளையின் உள்ளம் பாடநூலைக் கடந்து எங்கோ சென்றுகொண்டிருக்கின்றது என்பதற்கு அது அடையாளம் என்று உணர்வதற்கே பொறுமை வேண்டும்.

குடும்ப வருவாய் போதாமையால், அவ்வீட்டில் கல்லூரி மாணவர் இருவருக்கு உணவும் இடமும் அளித்து வந்தனர். பதினோரு வயது இராமானுஜன் அவர்களிடம் கணிதம் கேட்டுப் பயின்றார். விரைவில் அவர்கள் அறிந்தவை அனைத்தும் தீர்ந்து போயின. அவர்கள் கல்லூரியிலிருந்து கொணர்ந்து கொடுத்த லோனியின் முக்கோணவியல் நூலைப் பதின்மூன்று வயதளவில் முற்றும் கற்றுத் தேர்ந்தார். பெயர் பெற்ற ஆசிரியர்கள் அல்லர் அவ்விருவரும். சிறுவன்தானே என்று விலக்காமல், கேட்ட நூலைக் கொண்டுவந்து கொடுத்த செயல்தான் அவர்கள் செய்த உதவி. அதன் பயனோ அளவிடற்கரியது.

பள்ளி ஆசிரியர்களும் அவர் திறமையைப் பயன்படுத்திப் பெருமைப்படுத்தினர். ஏறத்தாழ 1,200 மாணவர்களையும் 35 ஆசிரியர்களையும் கொண்ட அப்பள்ளிக்குக் கால அட்டவணை வகுத்தல் கடினமான பணி. கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் அதனை இராமானுஜனிடமே ஒப்படைத்தார். 1904-ஆம் ஆண்டு நடந்த பரிசளிப்பு விழாவில் அவருக்குக் கணிதத்திற்கான ரங்கநாத ராவ் பரிசு வழங்கப்பட்டது. நூற்றுக்கு நூறு என்னும் அளவும் இம்மாணவர்க்குப் போதாது என்னும் பொருள்பட, தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அவரை அவையோருக்கு அறிமுகம் செய்தார்.

தாள் விலை மிகுந்த பொருளாக இருந்த காலம் அது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மடிமீது கற்பலகையை வைத்துக் கணக்கிட்டு, முழங்கையாலேயே அழித்து அழித்து எழுதுவார். முடிவுகளை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பார். அத்திண்ணை சாரங்கபாணி சன்னதித் தெருவில், பெருமாள் கோயிற் கோபுரத்தின் பார்வையில் இருந்தது. அவ்வீட்டைச் சாஸ்திரா பல்கலைக்கழகம் 2003-ஆம் ஆண்டு நினைவில்லமாக்கியது.

கைவிடப்பட்ட ஆண்டுகள்

இதுகாறும் கூறியவற்றால், இராமானுஜன் இளமையிலேயே நன்கு அடையாளங்காணப்பட்டவர் என்பது விளங்கும். ஆனால், அடையாளங்காணுதல் வேறு. துணை நிற்றல் வேறு. இவ்வேறுபாடுதான் அவர் வாழ்வின் துயரமாயிற்று.

பள்ளியின் இறுதி ஆண்டுக்கு முன், கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ 5,000 தேற்றங்களை, விரிந்த விளக்கமின்றி வரிசைப்படுத்திய நூல் அது. ஒவ்வொன்றையும் தாமே மெய்ப்பிக்கும் முயற்சியில் அவர் மூழ்கினார். அதன் பின் ஏனைய பாடங்களில் அவர் உள்ளம் செல்லவில்லை.

கும்பகோணம் அரசினர் கல்லூரி அவருக்கு உதவித்தொகை அளித்துச் சேர்த்துக்கொண்டது. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் அவர் தோல்வியுற்றதும் அவ்வுதவித்தொகை நிறுத்தப்பட்டது. கோமளத்தம்மாள் நேரே முதல்வரிடம் சென்று, தம் மகனின் கணித ஆற்றலை எடுத்துரைத்து முறையிட்டார். முதல்வர் பண்புடன் கேட்டார்; எனினும் விதி விதிதான் என்று மறுத்துவிட்டார். ஒரு பருவத்திற்கு 32 ரூபாய் கட்டணம். துணிக்கடைக் கணக்கருக்கு அது பெருந்தொகை.

1905-ஆம் ஆண்டு ஆகஸ்டில், பதினேழு வயது இராமானுஜன் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். பெற்றோர் பதறித் தேடி அவரை மீட்டனர். ஊரே போற்றிய பிள்ளையின் உள்ளம், ஒரு தோல்வியில் எவ்வளவு நொறுங்கியிருந்தது என்பதை அவர் பெற்றோரே அப்போதுதான் அறிந்திருக்கக்கூடும். அடுத்த ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவருடன் அமர்ந்து கடினமான கணக்குகளை ஆராய்ந்து ஊக்கமளித்தார். ஆயினும் உடலியல் முதலிய பாடங்கள் தடையாயின. 1906-ஆம் ஆண்டும் 1907-ஆம் ஆண்டும் தேர்வில் தோல்வியே கிட்டியது.

அதன் பிறகு பட்டமும் இல்லை, பணியும் இல்லை. 1909-ஆம் ஆண்டு ஜானகி அம்மையாருடன் திருமணம் நடந்தேறியது. நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேலை கேட்டுப் படியேறிய நாட்கள் தொடர்ந்தன. இராமானுஜனின் உண்மையான அவலம் அவர் இளமையில் மறைந்தது அன்று; வளர வேண்டிய ஆண்டுகளில் வழிகாட்டுவோரின்றி அவர் பேராற்றல் திசைமாறிக் கிடந்ததே அவலம் என்று, அவரை நன்கறிந்த பேராசிரியர் ஹார்டி பின்னாளில் எழுதினார். மேலைநாட்டார் ஏற்கெனவே கண்டு முடித்த உண்மைகள் பலவற்றை, அறியாமலே மீண்டும் கண்டுபிடிப்பதில் அவர் காலம் கழிந்தது.

கைமாறிக் கைமாறி வந்த துணை

1910-ஆம் ஆண்டு, திருக்கோயிலூரில் துணைக் கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரிடம் இராமானுஜன் ஓர் எழுத்தர் வேலை கேட்டுச் சென்றார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ஆம் ஆண்டு தோற்றுவித்தவர் அவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த அவர், கேட்ட வேலையைத் தரவில்லை. வருவாய்த் துறையின் கீழ்நிலைப் பணியில் அமர்த்தினால் இவ்வறிவு மங்கிப் போகும் என்று கருதி, சென்னையில் இருந்த கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

பேராசிரியர் சேஷு ஐயர் வழியாக, நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் அவர்களை அணுகும் வாய்ப்புக் கிட்டியது. முதலில் ஐயுற்ற ராவ், சில சந்திப்புகளுக்குப் பின் ஐயம் நீங்கினார். இராமானுஜன் கேட்டது செல்வம் அன்று. உணவுக்குக் கவலையின்றி ஆராய்ச்சி செய்ய ஓய்வு மட்டுமே. ராவ் மாதம் 25 ரூபாய் தம் கைப்பொருளிலிருந்து அளித்தார். 1911-ஆம் ஆண்டு இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இந்தியக் கணிதக் கழக இதழில் வெளிவந்தது.

1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் கற்றவர். மாலை வேளைகளில் இராமானுஜனுடன் அமர்ந்து அவர் படைப்புகளைப் பார்த்தவர் அவரே. கழகத் தலைவர் சர் பிரான்சிசு ஸ்பிரிங்கிடம் எடுத்துச் சொன்னவரும் அவரே.

1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி. எச். ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். அதற்கு முன் அவர் எழுதிய கடிதங்களுக்கு வேறு பேராசிரியர்கள் கைகொடுக்கவில்லை. ஹார்டியோ, நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அக்கணிதச் சூத்திரங்களை ஆராய்ந்து, எழுதியவர் மேதை என்று தெளிந்தார். அதே ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. பட்டம் பெறாதவர்க்கு அவ்வுதவி வழங்குவது முறையன்று என்ற எண்ணம் எழாமல் இல்லை. ஆயினும், கல்வியை வளர்ப்பதற்கே விதிகள் என்று உணர்ந்தோர் வழி கண்டனர். எட்டாண்டுகளுக்கு முன் மூடப்பட்ட கதவு அன்று திறந்தது.

கடல் கடத்தல் ஆசாரத்திற்கு மாறென்று தாயார் தயங்கினார். இராமானுஜன் நாராயண ஐயருடன் நாமக்கல் சென்று, நாமகிரித் தாயார் சன்னதியில் தங்கி வழிபட்டார் என்றும், தாயாரின் அனுமதி கனவில் கிட்டியதென்றும் குடும்பத்தார் கூறுவர். 1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் சென்னையிலிருந்து அவர் கப்பலேறினார்.

புகழும் மறைவும்

கேம்பிரிட்ஜ் திரித்துவக் கல்லூரியில் கழித்த ஐந்தாண்டுகளில், எண்களின் பிரிவினை முதலிய துறைகளில் உலகம் வியக்கும் ஆராய்ச்சிகளைச் செய்தார். 1918-ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகவும், அதே ஆண்டில் திரித்துவக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்வுற்ற முதல் இந்தியர் அவரே.

ஆனால் குளிரும், போர்க்கால உணவுத் தட்டுப்பாடும், சைவ உணவு நெறியில் அவர் கொண்ட உறுதியும், தனிமையும் உடல்நலத்தைக் கெடுத்தன. மருத்துவமனையில் அவரைக் காணச் சென்ற ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண் என்றும் கூறினார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இருவேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் உடனே விடையிறுத்தார். ஒன்றின் கனத்தோடு பன்னிரண்டின் கனத்தையும், ஒன்பதின் கனத்தோடு பத்தின் கனத்தையும் கூட்டிப் பார்ப்போர் இதன் உண்மையை உணரலாம்.

1919-ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய அவர், 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். நோய்ப்படுக்கையிலும் எழுதிக் குவித்த தாள்கள், 1976-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் நூலகமொன்றில் கண்டெடுக்கப்பட்டு இன்றும் ஆராயப்பட்டு வருகின்றன.

அவர் புகழுக்கெல்லாம் மேலாக நாம் போற்றத்தக்க செய்தி ஒன்றுண்டு. தாயகம் திரும்புமுன், ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளிக்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முன்வந்தது. நோயுற்றிருந்த இராமானுஜன் 1919-ஆம் ஆண்டு ஜனவரியில் அதற்கு நன்றி தெரிவித்து எழுதினார். அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோர்க்கும் தம் செலவுக்கும் போக எஞ்சுவதை ஏழை மாணவர், ஆதரவற்ற பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்துமாறும் வேண்டிக்கொண்டார். கட்டணம் கட்ட இயலாமல் வீட்டை விட்டு ஓடிய பதினேழு வயது மாணவரை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

நம் கடமை

இராமானுஜன் கற்பலகையில் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், அவர் பிறந்து வளர்ந்த மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இம்மலைநாட்டிற்கு வந்தனர். ஜொகூர் மாநிலத் தோட்டங்களில் ஆலயமும் பள்ளியும் அருகருகே எழுந்தன. அத்தோட்டங்களிலும் கற்பலகையில் கணக்கெழுதிய பிள்ளைகள் இருந்திருப்பர். அவர்களுள் எத்துணைப் பேரை யாரும் கவனியாமல் விட்டோமோ, இறைவனே அறிவான்.

மலேசியக் கல்வித்துறையும் இதனைச் சிந்தித்ததுண்டு. 1996-ஆம் ஆண்டு முதல் சில காலம், மூன்றாம் ஆண்டு மாணவர் தேர்வெழுதி, நான்காம் ஆண்டைத் தாண்டி ஐந்தாம் ஆண்டுக்குச் செல்லும் ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. 2009-ஆம் ஆண்டு, மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் மீத்திறன் மாணவர்க்கான பெர்மாத்தா பிந்தார் திட்டம் தொடங்கப்பெற்றது. எனினும், எந்தத் திட்டமும் வீட்டு வாயிலில் வந்து பிள்ளையைத் தேடாது. முதலில் காண வேண்டியவர்கள் பெற்றோரும், ஆசிரியரும், சமய வகுப்பு நடத்தும் தொண்டர்களுமே ஆவர்.

முன்னேறிய அறிவுடைய பிள்ளை எல்லாவற்றிலும் முன்னேறியிருப்பதில்லை. கணக்கில் பத்து வயது மூத்த அறிவும், பேச்சிலோ பழக்கத்திலோ வயதுக்குரிய பருவமும் ஒருங்கே இருத்தல் இயல்பு. ஆதலின், குறையைக் காட்டி நிறையை மறுத்தலாகாது. நிறையைக் காட்டிக் குறையை மறைத்தலும் ஆகாது. கணிதப் பரிசு அளித்தவர்கள் ஆங்கிலக் கட்டுரையும் எழுதக் கற்றுக் கொடுத்திருப்பின், அவர் கல்லூரி வாழ்வு தடையின்றி நடந்திருக்கக்கூடும். மேடையேற்றிப் புகழ்வது மட்டும் துணையாகாது. அப்புகழே பிள்ளைக்குச் சுமையாவதும் உண்டு. கேள்வி கேட்டால் செவி கொடுத்தலும், கேட்ட நூலைத் தேடித் தருதலும், தோற்ற நாளில் அருகிருத்தலும், நமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுதலும் உண்மையான துணையாகும். திருக்கோயிலூர் இராமசாமி ஐயர் செய்தது ஒரு கடிதம் எழுதியதுதான். அதுபோன்ற ஒரு கடிதத்தை எழுத நம்முள் எவராலும் இயலும்.

திருவிழாவுக்கு உபயம் அளிக்கும் நம் அன்பர்கள், ஒரு பிள்ளையின் நூலுக்கும் கட்டணத்திற்கும் ஓராண்டு உபயம் ஏற்பதும் அம்பிகைக்குச் செய்யும் வழிபாடே ஆகும். இவ்வாண்டு தேர்த் திருவிழாவில், தேரைப் பார்க்கத் தந்தையர் தோள்மீது அமர்ந்துவரும் பிள்ளைகளைக் காண்போம். திருவிழா முடிந்த பின்னரும் அத்தோள்கள் தாழாதிருக்க எல்லாம் வல்ல அன்னை அருள்புரிவாளாக.